குந்த ஒரு கொப்பு

பெருவிரல் மொத்தத்துக்கு மேலே போனால்
குருவி சின்னனாய்ப் போகும்.
நேராய் நின்றால் மின்கம்பம்.
பட்டை கொஞ்சம் உரிந்து
ஒரு பக்கம் பாசி படர்ந்து
நுனியில் ஒரு கவர்.
அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இப்படி ஒன்றுக்காக மூன்று ஞாயிறு
பாண்டியன்குளம் றோட்டில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி நிறுத்தி
பட்ட பாலை, யானை முறித்த விளா
எல்லாம் தூக்கிப் பார்த்தேன்.
கடைசியில் ஒரு வீரை.
பின் சீற்றில் கட்டிக்கொண்டு வர
செக்பொயின்ற்றில் மறித்த பொடியன்
விறகா என்று சிங்களத்தில் கேட்டான்.
குருவிக்குக் கதிரை என்றேன் தமிழில்.
போ என்று கை காட்டினான்.

மல்லாவி ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுக்கிறவன் நான்.
ஆறு நாளும் யன்னல் ஓட்டைக்குள்ளால்
கைகளை மட்டும் பார்க்கிறேன்.
ஏழாம் நாள்
உரப்பையால் தைத்த மறைவுக்குள் இருந்து
கீச்சானை.

ஐப்பசியில் வந்து இறங்கியது.
போன மாரியும் இதே வரம்பு,
அதற்கு முந்திய மாரியும்.
அதே குருவிதானா என்று சத்தியம் பண்ணமாட்டேன்.
மங்கோலியாவோ, அதற்கும் அங்காலோ,
அங்கிருந்து வழி பிசகாமல்
இந்த அரை ஏக்கருக்கு.
வந்த அன்றே கத்தத் தொடங்கிவிடும்
இது என்ரை, இது என்ரை என்று.
வெட்டுக்கிளியைப் பிடித்துச்
சூரை முள்ளில் குத்தி வைக்கும்
ஆறுதலாய்த் தின்ன.

வீரையை வரம்பில் நட்டேன்.
துவாரத்தை நாலுக்கு அகலத் திறந்தால்
பின்னால் நிற்பதெல்லாம் கரையும்,
காடு, முள்ளுக்கம்பி, பழைய காவலரண்,
பச்சைத் தண்ணீர் மாதிரி.
நல்ல பின்னணி என்றால்
அங்கே என்ன நின்றதென்று
ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.
அப்படித்தான் படித்தேன்.

கீச்சான் வந்தது.
கொப்பைப் பார்த்தது.
கல்லில் குந்தியது.

வன இலாகா போன வருஷம் நட்ட எல்லைக்கல்.
மஞ்சள் பூச்சு, கறுப்பில் நாற்பத்தேழு,
தலையில் எச்சம்.
கொப்பைக் கிட்டக் கொண்டுவந்து நட்டேன்.
கல்லில் குந்தியது.
கல்லைச் சாக்கால் மூடினேன்.
சாக்கில் குந்தியது.

அப்போதுதான் காணிக்காரி புவனமலரக்கா
மறைவுக்குள் தலையை விட்டா.
தம்பி, உந்தச் சாக்கை எடும்.
கல்லு தெரியவேணும், நம்பர் தெரியவேணும்,
பின்னாலை என்ரை கிணறு,
கட்டிலை வருஷம் எழுதிக் கிடக்கு, அதுவும் விழவேணும்.
அங்காலை அவர் வைச்ச தென்னை பதினொண்டு.
எல்லாம் ஒரே படத்திலை.
கச்சேரியிலை குடுக்க.

குருவி, அக்கா?

இருந்தா இருக்கட்டுமன்.

நீண்ட லென்சைக் கழற்றினேன்.
குளக்கட்டு வரை பின்னுக்குப் போனேன்.
துவாரத்தைப் பதினாறுக்குச் சுருக்கினேன்,
வருஷக்கணக்காய்த் தொடாத எண்.
கரைத்து வைத்ததெல்லாம்
ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தது.
கம்பி. கம்பியில் கிழிந்த ஷொப்பிங் பை.
கிணற்றுக்கட்டு. 1981.
தென்னையை எண்ணினேன், பத்து.
பெரிதாக்கிப் பார்த்தேன்,
பதினொன்றாவது வெறும் அடி.

வெளிச்சம் காணாது, பனி வேறு.
கால் செக்கன் திறந்து வைத்தேன்.
கீச்சான் வந்து நாற்பத்தேழில் குந்தி
வாலை இரண்டு தரம் ஆட்டியது.

எல்லாம் துல்லியம்.
குருவி மட்டும் கொஞ்சம் கலங்கல்.

மூன்று பிரதி கேட்டா,
பேர்மிற்றோடு ஒன்று, தனக்கொன்று,
மற்றது ஏனென்று சொல்லவில்லை.
கச்சேரியில் படத்தைப் பார்த்த கிளாக்கர்
இது என்ன குருவி என்று மட்டும் கேட்டாராம்.

இப்போது தை கடைசி, கதிர் சாய்ந்துவிட்டது.
வீரைக் கொப்பு இன்னும் வரம்பில் நிற்கிறது.
அதன் கவரில்
துவாயைக் கொழுவிவிட்டுப்
புல்லுப் பிடுங்குகிறா புவனமலரக்கா.